மன்றாடியவன் கெஞ்சவில்லை

அன்புள்ள சுந்தரத்துக்கு,

எட்டு மாதங்களாக எழுதாததற்குச் சொல்ல என்னிடம் சாக்கு ஒன்றும் இல்லை. இங்கே எல்லோரும் நலம்; கிணறு மட்டும் வற்றிவிட்டது. உன் மூட்டுவலி எந்த மட்டில் இருக்கிறது என்று எழுது. இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஓர் அவமானம். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு உறக்கம் வராது.

நான் மொழிபெயர்த்த கொலைக் கதை போன மாதம் அச்சாகி வந்தது. முதல் பிரதியைக் குமாஸ்தா மாமாவுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, “ஏனப்பா, கூண்டில் நிற்கிறவன் தன்னைக் குற்றவாளி என்று சொல்லும்படி நீதிபதியிடம் எதற்காகக் கெஞ்சுகிறான்? தூக்குக் கயிற்றில் அவ்வளவு ஆசையா?” என்று கேட்டார். புரட்டிப் பார்த்தேன். ‘பிளீடட் கில்ட்டி’ என்ற இடத்தில் “தான் குற்றவாளி என்று மன்றாடினான்” என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வக்கீல் அலுவலகத்தில் நாற்பது ஆண்டு கட்டுத் தூக்கிய மனிதர் சிரிக்காமல் என்ன செய்வார்? நீயும் சிரித்துக்கொள், ஆனால் சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

‘பிளீட்’ என்றால் கெஞ்சு என்று பள்ளியில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நாமும் அறுபது ஆண்டுகளாக அதை நம்பியே காலம் தள்ளிவிட்டோம். அந்த வினைக்குப் பின்னால் ‘வித்’ வந்தால்தான் ஒருவரிடம் கெஞ்சுவது. ‘ஃபார்’ வந்தால் ஒன்றை வேண்டுவதும் உண்டு, இன்னொருவருக்காகப் பரிந்து பேசுவதும் உண்டு. வழக்கு என்ற சொல்லை நேரே செயப்படுபொருளாகக் கொண்டால் வாதாடுவது. அறியாமையையோ தலைவலியையோ கொண்டால் அதைக் காரணம் காட்டித் தப்பிப்பது, அதாவது திருமண வீட்டுப் பந்தியில் பரிமாற அழைத்தபோதெல்லாம் நீ செய்தது. ‘கில்ட்டி’ என்று வந்தாலோ கெஞ்சலுக்கு அங்கே இடமே இல்லை. குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிக் கேட்கும் நீதிமன்றத்துக்கு ஒருவன் தரும் பதில் அது, அவ்வளவுதான். ‘நாட் கில்ட்டி’ என்பதையும் ‘நான் நிரபராதி’ என்று ஆக்கிவிடுகிறோம். குற்றத்தை மறுக்கிறேன், முடிந்தால் மெய்ப்பித்துக்கொள் என்பதே அதன் உட்பொருள்.

இதன் வேரைத் தேடிப் போனவன் திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள். ‘மகிழ்வி’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து, மன்னருக்கோ அவைக்கோ உகந்தது, அதாவது தீர்ப்பு, என்ற பொருளில் ஒரு சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியில் வழக்கு என்றாகி, அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்திருக்கிறது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘பிளீஸ்’ இதற்கு உடன்பிறப்பு! இங்கிலாந்து நீதிமன்றங்களில் பிரெஞ்சில் வாதாடுவது மக்களுக்கு விளங்கவில்லை என்பதால், இனி ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்று 1362இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள் என்பதைப் படித்தபோது, தமிழ் ஆட்சிமொழி குறித்து நமக்கு ஆங்கிலத்தில் வந்த சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது.

இனி வருவது சிரிப்புக்குரியது அன்று. கடுங்குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறந்து பதில் சொல்லி விசாரணைக்கு உடன்பட்டால்தான் அக்கால ஆங்கிலச் சட்டத்தில் வழக்கே நடக்கும். வாய் திறக்காதவனைப் படுக்கவைத்து மார்பின்மேல் பலகையும், அதன்மேல் கல்லோ இரும்போ ஏற்றிக்கொண்டே போவார்கள். தண்டனை பெற்றால் உடைமை பறிபோகும், தீர்ப்பில்லாமல் இறந்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சும் என்பதற்காகவே அப்படி நசுங்கிச் செத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் சேலத்தில், சூனிய வழக்குகள் நடந்த 1692ஆம் ஆண்டில், எண்பது வயதை ஒட்டிய விவசாயி ஜைல்ஸ் கோரி விசாரணைக்கு உடன்பட மறுத்துச் செப்டம்பர் 19 அன்று கற்களின் கீழே உயிர்விட்டார். மூன்று நாள் கழித்து அவருடைய மனைவி மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்து இந்த முறையை 1772இல் கைவிட்டது. ஆனாலும் மௌனத்தைக் குற்ற ஒப்புதலாகவே கொண்டது. பேசாதவனைக் குற்றத்தை மறுத்தவனாகக் கருத வேண்டும் என்று ஆனது 1827இல்தான். கெஞ்சுதல் என்று நான் எழுதிய சொல்லுக்குப் பின்னால் இத்தனை கனம் இருந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் என் தரப்பில் சொல்லிக்கொள்ள விடு. மன்று என்றால் அவை. மன்றாடுதல் என்றால் முதலில் அவையில் நின்று வழக்காடுதல்தான். ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் நீதி அவையிலிருந்து இறங்கிக் கெஞ்சலுக்கு வந்திருக்கிறது; கத்தோலிக்கத் திருப்பலியில் ‘மன்றாட்டு’ என்று மேலும் நடந்து இறைவன் முன்னிலைக்கும் போயிருக்கிறது. ஆகவே முன்னூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தால் என் வாக்கியம் பிழையே இல்லை என்று மாமாவிடம் வாதிட்டேன். “அப்படியானால் முன்னூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வாசகனுக்கு விற்றுக்கொள்” என்று சொல்லிவிட்டார். அவர் இன்னும் வக்கீலைப் ‘பிளீடர்’ என்றே சொல்கிறார். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் அந்த வகுப்பையே எடுத்துவிட்டதே என்று மடக்கினால், அரசு வக்கீலை இன்றும் ‘கவர்ன்மென்ட் பிளீடர்’ என்றுதானே அழைக்கிறார்கள் என்று திருப்பி மடக்குகிறார்.

பதிப்பாளர் அடுத்த அச்சில் திருத்திக்கொள்ளலாம் என்கிறார். முதல் அச்சே விற்குமா என்று தெரியாத நிலையில் அதைக் கேட்கத் துக்கமாக இருக்கிறது. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டான்’ என்று திருத்தி வைத்திருக்கிறேன். ஆனால் அதே கதையில் காவலரிடம் தனியறையில் உண்மையைக் கக்குவதற்கும் ‘ஒப்புக்கொண்டான்’ என்றே எழுதியிருக்கிறேன். அவையில் எழுந்து நின்று சொல்லும் பதிலுக்கென்று தனியாக ஒரு வினை வேண்டும். பத்திரங்களோடு வாழ்ந்த உனக்குக் கிடைத்தால் உடனே எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது, முகவரி மாறவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்