கேமிங் போன் செய்கிறவர்களுக்கு: ஒருமுறை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள்

வணக்கம்.

கேமிங் போன்களை வடிவமைக்கிறவர்கள், அதற்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், எத்தனை வருடம் அப்டேட் தரலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிறவர்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். மூன்று வருடத்துக்கும் மேலாக என்னிடம் இருக்கிற ஒரே போன் ஒரு கேமிங் போன்தான். விளையாட ஒன்று, மற்றதுக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளும் வசதியோ விருப்பமோ எனக்கு இல்லை. காலையில் அலாரம் அதில்தான் அடிக்கிறது, அலுவலக மெயில் அதில்தான் வருகிறது, பணம் அனுப்புவது, வழி பார்ப்பது, அம்மாவோடு வீடியோ காலில் பேசுவது, ராத்திரி படுத்துக்கொண்டு படிப்பது எல்லாமே அதில்தான். விளையாடுவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், விடுமுறை என்றால் இரண்டு. மிச்ச நேரமெல்லாம் எனக்கு அது வெறும் போன். அந்த மிச்ச நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை உங்களுக்கே யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விளையாட்டுக்காக நீங்கள் யோசித்துச் செய்த சில விஷயங்கள் அன்றாட வாழ்க்கைக்குத்தான் அதிகம் உதவுகின்றன. பைபாஸ் சார்ஜிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராகப் போனுக்கே போய்விடும். நீண்ட நேரம் விளையாடும்போது சூடு ஏறாமல் இருக்க இதைச் செய்தீர்கள். நான் அதைப் பயன்படுத்துவதோ, வண்டியில் மூன்று நாலு மணி நேரம் மேப் ஓடும்போதும், மடிக்கணினிக்கு நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் போடும்போதும். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, எப்போதும் நிரம்பியே இருப்பது. வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றபடி, சார்ஜும் ஏறிக்கொண்டு, மேப்பும் ஓடிக்கொண்டு இருந்தால் சாதாரண போனுக்கு இரண்டும் ஒன்றாக நடக்கிறது. என் போனில் பைபாஸைப் போட்டுவிட்டால் பேட்டரி அது பாட்டுக்கு ஓய்வில் இருக்கிறது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியையும் சேர்த்துப் பயன்படுத்துவதால், மூன்று வருடம் ஆகியும் காலையில் எடுத்தால் ராத்திரி வரை வருகிறது. கூட இருக்கிறவர்கள் மதியமே பவர் பேங்க் தேடுகிறார்கள்.

பக்கவாட்டில் இருக்கும் அந்த இரண்டாவது சார்ஜிங் போர்ட்டும் அப்படித்தான். படுக்கைவாக்கில் பிடித்து ஆடும்போது வயர் உள்ளங்கையில் குத்தக்கூடாது என்று வைத்தீர்கள். போனை நெஞ்சின்மேல் நிமிர்த்தி நிறுத்திப் படிக்கிறவனுக்கும் அதே நிம்மதிதான், கீழே வயர் மடங்கி முறிவதில்லை. 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக்கையும் மற்றவர்கள் கைவிட்ட பிறகு காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் நீங்கள்தான். ஆசுஸின் கேமிங் போனான ராக் போன் 3 அதை எடுத்துவிட்டு, 2021-இல் ராக் போன் 5 திரும்பக் கொண்டுவந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

இந்தப் போன்களை நீங்கள் முழுக்க முழுக்கப் படுக்கைவாக்கில், இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தே வடிவமைக்கிறீர்கள். நாங்களோ நாள் முழுக்க நிமிர்த்தி, ஒரு கையால்தான் பிடிக்கிறோம். எனக்கு இருக்கிற குறைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகின்றன.

சூட்டையே பாருங்கள். உங்களில் சிலர் போனின் மூளையான சிப்பை நட்டநடுவில் வைத்து, பேட்டரியை இரண்டு துண்டாக்கி இரண்டு பக்கமும் வைக்கிறீர்கள். விளையாடும்போது கைகள் இரண்டு முனையில் இருக்கும், சூடு நடுவில் தங்கிவிடும், விரல் வியர்க்காது. நல்ல யோசனை, அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. என் போனும் அந்த வகைதான். ஆனால் அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது நான் போனை நிமிர்த்திப் பிடிக்கிறேன். அப்போது என் உள்ளங்கையும் நாலு விரலும் சுற்றிப் பிடிப்பது சரியாக அந்த நடுப்பகுதியைத்தான். இருபது நிமிடம் பேசினால் கை மாற்றாமல் இருக்க முடிவதில்லை. "ஏன்டா படம் ஆடுது, நடந்துக்கிட்டே பேசுறியா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். சிப்பை நகர்த்தச் சொல்லவில்லை. போன் நிமிர்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்பது போனுக்கே தெரியும். கேம் ஓடவில்லை, நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள் என்றால் வேகத்தைக் கொஞ்சம் சீக்கிரமே குறைத்துக்கொள்ளட்டுமே, வீடியோ காலுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை.

வலது ஓரத்தில் விளையாட்டுக்காக இருக்கும் தொடு பொத்தான்களும் இதே கதைதான். படுக்கைவாக்கில் அவை ஆள்காட்டி விரலுக்குக் கீழே வருகின்றன. நிமிர்த்தினால் கட்டைவிரலின் அடிப்பகுதி போய் உட்காரும் இடமாகிவிடுகிறது. பேருந்தில் கம்பியை ஒரு கையாலும் போனை ஒரு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கும்போது, நான் கேட்காமலே கேம் மோடு திறந்துகொண்டு, வந்துகொண்டிருந்த அறிவிப்புகளையெல்லாம் அமுக்கிவிட்டது. ஒரு முறை அப்படி அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு அழைப்பைத் தவறவிட்டேன். அதன் பிறகு அதை அணைத்தே வைத்திருக்கிறேன். ஆக, போனை வாங்கும்போது ஆசைப்பட்ட வசதியை விளையாடும்போது மட்டும் நானே போய்ப் போட்டு, முடிந்ததும் நானே அணைக்கிறேன்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 2003-இல் நோக்கியா என்-கேஜ் என்ற கேமிங் போன் வந்தபோது, பேசுவதற்கான ஸ்பீக்கரும் மைக்கும் போனின் விளிம்பில் இருந்தன. காதில் வைத்துப் பேச வேண்டுமென்றால் போனைப் பக்கவாட்டில் திருப்பி விளிம்பைக் காதோடு ஒட்ட வேண்டும். கேம் அட்டையை மாற்ற வேண்டுமென்றால் பேட்டரியையே கழற்ற வேண்டும். அடுத்த வருடமே என்-கேஜ் க்யூடி என்று ஒன்றைக் கொண்டுவந்து இரண்டையும் சரி செய்தார்கள். 2020-இல் லெனோவோவின் லீஜன் டூயலில் செல்ஃபி கேமரா நீண்ட ஓரத்தின் நடுவிலிருந்து எழும்பி வந்தது. படுக்கைவாக்கில் ஆடிக்கொண்டே முகத்தைக் காட்டி ஒளிபரப்புகிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நிமிர்த்திப் பிடித்து ஒருவரோடு பேசினால் அது பக்கத்திலிருந்து பார்க்கும். பதினேழு வருட இடைவெளியில் வந்த இரண்டு போன்கள், இரண்டிலும் ஆடுகிறவரின் கை கவனமாக அளக்கப்பட்டிருக்கிறது, பேசுகிறவரின் முகமும் காதும்தான் விட்டுப்போயிருக்கின்றன.

பின்பக்க விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால் இன்னமும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், அறையில் இன்னொரு நோயாளியும் இருந்தார், விளக்கெல்லாம் அணைத்திருந்தது. போனைச் சைலன்ட்டில் போட்டு, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்துதான் வைத்திருந்தேன். ஏதோ ஒரு செய்தி வந்தது. முதுகில் இருக்கும் சின்னம் சிவப்பாக, நீலமாக, மறுபடி சிவப்பாக மின்னியது, எதிர்ச் சுவர் முழுக்க அந்த வெளிச்சம் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். போனை வாங்கிய முதல் வாரமே நான் அந்த விளக்கை அணைத்துவிட்டேன். முந்தைய வாரம் வந்த ஒரு அப்டேட் என் அமைப்பைத் துடைத்துவிட்டு அதைத் திரும்பப் போட்டிருந்தது. அணைக்கும் இடமும் சாதாரண செட்டிங்ஸில் கிடையாது, விளையாட்டுக்கான செயலியைத் திறந்து, நாலு பக்கம் உள்ளே போய்த் தேட வேண்டும். இருட்டில், கை நடுங்க, அதைத் தேடிக்கொண்டிருந்தேன். சைலன்ட் என்றால் வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தான் சைலன்ட். விளக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆசைப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் கேட்காமல் எரியக்கூடாது.

கேமராவைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. பகல் வெளிச்சத்தில் எனக்குப் போதும். ஓடி விளையாடும் குழந்தையை வீட்டுக்குள் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தால் கையும் காலும் கலைந்த புகைதான் கிடைக்கிறது. அவ்வளவு வேகமான சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தை ஏன் தருகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி, ஏனென்றால் நல்ல படத்தில் பாதி வேலை சிப்பிலும் மென்பொருளிலும்தான் நடக்கிறது. திரை வேகம், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்கிறீர்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி 16.7 மில்லி செகண்ட் நிற்கிறது, 120-இல் 8.3, 165-இல் 6 சொச்சம். 60-இலிருந்து 120-க்குப் போகும் முதல் தாவலைக் கண்ணை மூடித் திறந்தால்கூடச் சொல்லிவிடுவேன், 165-க்குப் போகும் இரண்டாவதை விளையாடும்போது மட்டும்தான் உணர்கிறேன். அப்புறம் போனைக் குளிர வைக்க உள்ளே ஃபேன் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமைதியான அறையில் அந்தச் சத்தம் நீங்கள் நினைப்பதைவிடத் தெளிவாகக் கேட்கிறது, அந்தத் துளைக்குள் பஞ்சும் தூசியும் போகாமல் இருப்பதுமில்லை.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. மூன்று வருடம் பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறேன். பொறுக்க முடியாதது அப்டேட்.

நான் வாங்கும்போது அன்றைக்குச் சந்தையில் இருந்ததிலேயே வேகமான சிப் அதில் இருந்தது, நினைவகமும் அப்படித்தான். இன்றைக்கும் அதில் எதுவும் திணறுவதில்லை. சூட்டை இறக்க நீங்கள் உள்ளே வைத்த செம்புத் தகட்டு அறை, அதற்குள் ஆவியாகிக் குளிர்ந்து சுற்றிவரும் அந்தத் துளி நீர், இரண்டு துண்டுப் பேட்டரி, எல்லாம் இன்னும் சரியாக வேலை செய்கின்றன. ஆண்ட்ராய்டு பதிப்பு இரண்டு முறை மாறியது, அத்தோடு நின்றது. கொஞ்ச நாளில் மாதா மாதம் வந்த பாதுகாப்பு அப்டேட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு வரவே இல்லை. யாரும் எதையும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்ததே அலுவலக மெயில் மூலமாகத்தான்: ஒரு திங்கட்கிழமை காலை, போனின் பாதுகாப்பு அப்டேட் பழையது, இதில் இனி மெயில் திறக்காது என்று வந்து நின்றது. அப்டேட் இருக்கிறதா என்று தேடும் பொத்தானைப் பத்து முறையாவது அழுத்தியிருப்பேன். "உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது" என்று பச்சை டிக் போட்டுக் காட்டியது. அந்த வரி உண்மை இல்லை. உங்களிடம் தருவதற்கு இனி எதுவும் இல்லை என்பதை அப்படி எழுதியிருக்கக் கூடாது.

2023-இல் கூகுள் பிக்சல் 8-க்கு ஏழு வருடம் அப்டேட் என்று அறிவித்தது, 2024-இல் சாம்சங் எஸ்24 வரிசைக்கு அதையே சொன்னது. அந்தப் போன்களில் உள்ள சிப்புக்கும் உங்கள் சிப்புக்கும் வேகத்தில் பெரிய தூரம் இல்லை, குளிர வைப்பதில் நீங்கள்தான் மேல். ஏழு வருடம் ஓடும் உடம்பு யாரிடமாவது இருக்கிறது என்றால் அது உங்களிடம்தான் இருக்கிறது. விளையாடுகிறவன் எப்படியும் வருடா வருடம் புதுசு வாங்குவான் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கலாம். நான் வாங்கவில்லை, என்னைப் போல வாங்காதவர்களை நிறையவே எனக்குத் தெரியும். பெரிய பேட்டரிக்காகவும் ஜாக்குக்காகவும் வாங்கி, போகப் போக விளையாடுவதையே விட்டுவிட்டவர்கள்கூட இருக்கிறார்கள்.

உதிரி பாகமும் இதோடு சேர்ந்ததுதான். திரையில் கீழ் மூலையில் ஒரு கீறல் விழுந்து, சர்வீஸ் சென்டரில் கேட்டால், இந்த மாடலுக்குப் பேனல் வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பேக் கவர் கடைகளிலும் இதே நிலைமை, பக்கவாட்டுப் போர்ட்டுக்கும் தொடு பொத்தானுக்கும் சரியாக வெட்டிய கவர் எங்கேயும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதமாவது தாங்க வேண்டும், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். அங்கே விற்க வேண்டுமென்றால் இதைச் செய்துதான் ஆக வேண்டும். அதே திரையை, அதே பேட்டரியை மற்ற நாட்டுக்காரருக்கும் எடுத்துக் கொடுப்பதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு பயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்றாடத்துக்கு ஏற்றதாக மாற்றுங்கள் என்று நாங்கள் கேட்டால், நீங்கள் எங்களுக்குப் பிடித்ததையும் சேர்த்து எடுத்துவிடுகிறீர்கள். 2024-இல் வந்த ராக் போன் 8 எடை குறைந்தது, ஐபி68 அளவுக்கு நீரைத் தாங்கியது, வயர் இல்லாத சார்ஜிங்கும் வந்தது, எல்லாம் நல்லதுதான். கூடவே 6000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 5500 ஆனது, முன்பக்கம் பார்த்திருந்த இரட்டை ஸ்பீக்கர் போனது, துளையே இல்லாத திரையில் கேமராத் துளை விழுந்தது. எல்லாரையும் போல ஒரு போன் வேண்டுமென்றால் எல்லாரும் வாங்குவதையே நானும் வாங்கியிருப்பேன். தடிமனும் எடையும் எனக்குப் பழகிவிட்டது, அதைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த மாடலைக் கையில் எடுத்து, ஒரு மாதம் எந்த விளையாட்டையும் திறக்காமல், நிமிர்த்திப் பிடித்தே வாழ்ந்து பாருங்கள், உங்கள் அம்மாவோடு இருபது நிமிடம் வீடியோ காலில் பேசிப் பாருங்கள். பெட்டியின் மேல் சிப்பின் பெயரை எவ்வளவு பெரிதாக அச்சடிக்கிறீர்களோ, அதே அளவில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த வருடம் வரை வரும் என்பதையும் அச்சடியுங்கள். ஏற்கெனவே விற்ற போன்களை முடிந்தால் இன்னும் இரண்டு வருடமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

என் போன் இப்போது மேசையில் பைபாஸில்தான் இருக்கிறது. பேட்டரி 80-இல் நிற்கிறது, உடம்பில் துளி சூடு இல்லை, காலையிலிருந்து ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு அப்டேட்டின் தேதி மட்டும் போன வருடத்திலேயே நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் போனைத் தினமும் கையில் வைத்திருக்கும் ஒருவன்