கணக்கு நோட்டும் மெழுகுத் துணியும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் பள்ளி ஓவிய அறையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பற்றிய கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு யாருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டுமோ, அவர்களுக்காகவே இந்த மடல்.

பணிக்கர் 1911-இல் பிறந்தது நம் கோயம்புத்தூரில்தான். இந்த ஊரில் ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன், என் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாதே என்பது எனக்குப் பல வருடத்து உறுத்தல். தனியாகச் செய்திருந்தால் நாலு சார்ட் பேப்பரோடு முடிந்திருக்கும்.

முதல் நன்றி எங்கள் கணக்கு டீச்சருக்கு. பாடம் முடியவில்லை என்றால் ஓவிய பீரியடை மற்றப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது பள்ளிகளில் வழக்கம். இவர் தலைகீழாகச் செய்தார். மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு கணக்கு பீரியடை எங்களுக்குக் கொடுத்தார். பணிக்கர் கதையில் ஒரு கணக்கு நோட்டு வருகிறது என்று நான் சொன்னதுதான் காரணம். 1963 வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்க்கிறார் பணிக்கர். எண்கள், எழுத்துகள், சமன்பாடுகள், கட்டங்கள். அந்தப் பக்கம் அவருக்கு ஓவியமாகவே தெரிந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பியதுதான் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை. ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், படிக்க முடிகிற மாதிரியும் முடியாத மாதிரியும் எழுத்துகள், நடுவில் ஒரு மீன், ஒரு பறவை. பல நூற்றாண்டு ஓலைச்சுவடியைப் பிரித்துப் பார்க்கிற உணர்வு வரும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர், பெயரும் புகழும் வந்த பிறகு, தன் பழைய பாணியை ஓரமாக வைத்துவிட்டு இப்படித் திரும்பியதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இதைச் சொன்ன மறுநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பென்சிலில் வகுத்தல் கணக்கு, அடித்தல் திருத்தல், மூலையில் ஒரு பூ, பேனா மை கசிந்த வட்டம். “இதையும் மாட்டலாமா சார்?” என்றாள். மாட்டினோம். கணக்கு டீச்சர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

அடுத்து, பீளமேட்டிலிருந்து வந்த பெரியவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன். ஐயா 60-களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பணிக்கர் மாணவராகச் சேர்ந்தது 1936-இல். அதற்கு முன்னால் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்தார், அப்புறம் காப்பீட்டு முகவராகவும் இருந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர்தான் ராய் சௌத்ரி என்று ஐயா சொன்னதும் பிள்ளைகள் ‘ஓ’ என்றார்கள், டிவியில் பார்த்திருக்கிறார்களே. படித்த இடத்திலேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வரும் ஆனார் பணிக்கர். நடுவில் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஐயா அந்தச் சங்கத்தின் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ பழைய இதழ்களையும், இரண்டு கண்காட்சி மலர்களையும் துணிப்பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்ணாடிப் பெட்டி எங்களிடம் கிடையாது. இரண்டு நாளும் நாற்காலி போட்டு அவரே பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். மதியம் சத்துணவுதான் சாப்பிட்டார். எப்படி நன்றி சொல்ல ஐயா?

பணிக்கரின் மாணவரான ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றி ஐயா பேசியபோது அறை அமைதியாகிவிட்டது. பேச்சு தடுமாறுகிற, யாரோடும் ஒட்டாத அந்த மாணவரைப் பணிக்கர் அரவணைத்து வரைய வைத்தார். கோபுரமும் பாம்பும் தொப்பி போட்ட மனிதருமாக ராமானுஜம் மையில் இழைத்த கனவுலகம் இன்று பெரிய கலைக்கூடங்களில் இருக்கிறது. ஆசிரியர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய பொருள் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நம் சாயப்பட்டறை அண்ணன், எட்டாம் வகுப்பு மாணவனின் அப்பா. சென்னைக்குப் பக்கத்தில் பணிக்கரும் மற்ற ஓவியர்களும் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படி உருவானது என்பதைப் பிள்ளைகளுக்குக் கையால் செய்து காட்டியவர் இவர்தான். படித்து முடித்த ஓவியர்கள் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்களே என்ற கவலை பணிக்கருக்கு. அதற்காகக் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து, மாணவர்களும் ஓவியர்களும் பாத்திக் துணி, அதாவது மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய துணி, செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் பூமியை வாங்கி, 1966-இல் அந்தக் கிராமத்தை எழுப்பினார்கள்.

அண்ணன் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், காலை எட்டு மணிக்கே அடுப்போடு வந்துவிட்டார். தேன்மெழுகு வளைந்துகொடுக்கும், வெள்ளை மெழுகு வெடிக்கும், இரண்டையும் கலந்தால்தான் சரி என்று காட்டினார். மெழுகு காய்ந்த துணியைக் கசக்கியதும் மெல்லிய விரிசல் ஓடியது. ஆறிய சாயத்தில்தான் முக்க வேண்டும், சூடு என்றால் மெழுகு இளகிவிடும். கடைசியில் கொதிதண்ணீரில் போட்டு மெழுகை எடுத்து விரித்தபோது, நீலத் துணியில் வெள்ளையாக மீன். விரிசல் ஓடிய இடமெல்லாம் நரம்பு மாதிரி நீலக் கோடு. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே வந்துவிட்டது. நாற்பது கைக்குட்டை செய்தோம். எல்லாம் விற்று 2,000 ரூபாய் சேர்ந்தது, வண்ணப் பெட்டிக்காக எடுத்து வைத்திருக்கிறோம்.

படங்களை அச்சடித்துக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. முதல் தடவை பச்சை வெளுத்துப்போய் வந்தது. கேரளத்துத் தென்னையும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த மனிதரின் பச்சை அது, வெளுக்கக் கூடாது என்றேன். ஒரு வார்த்தை சலிக்காமல், காசும் வாங்காமல், எல்லாவற்றையும் மறுபடி அடித்துக் கொடுத்தான். மேசை தூக்கிய பத்தாம் வகுப்புப் பையன்களுக்கும், இரண்டு நாளும் மாலை ஆறு மணிவரை கேட்டைத் திறந்து வைத்த வாட்ச்மேன் அண்ணனுக்கும், சாவியை என்னிடமே விட்டுவைத்த தலைமை ஆசிரியர் அம்மாவுக்கும் என் நன்றி.

ஐயா, இதழ்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். ரஃப் நோட்டுப் பக்கத்தைக் கொடுத்த பிள்ளையும் கூட வர வேண்டும் என்கிறாள். ராமானுஜம் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
உங்கள் ஓவிய ஆசிரியர்