மடியில் வந்த கீரையும் பதிவேட்டில் ஏறட்டும்

ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனவர். திரும்பி வரும்போது மடியில் கீரை இருக்கும். நன்செய் என்றால் ஆரைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி. மழைக்குப் பின் புன்செய் என்றால் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமட்டிக்கீரை. யாரும் விதைத்ததில்லை, யாரும் விலை கேட்டதுமில்லை. ஒரு சென்ட் நிலமில்லாத எங்கள் வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு அதுதான் துணை. இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். களையெடுப்புக் கூலியும் போனது, கீரையும் போனது. நிலக்காரரைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. ஆள் கிடைக்காமல் அவர் படும் பாடும் எனக்குத் தெரியும். இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லையே என்பதுதான் என் வேதனை.

அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியும் உங்களைப் போன்ற குழுவை அமைக்கச் சொல்கிறது. ஊரில் உள்ள செடி, கொடி, உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்ததையும் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதுவது உங்கள் முதன்மைப் பணி. குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள், 18 விழுக்காடாவது பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்று 2004 விதிகள் சொல்லின. காரணம் இல்லாமல் இல்லை. வயலை வரப்பில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது வேறு, குனிந்து பார்ப்பவருக்குத் தெரிவது வேறு.

எங்கள் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தேன். வேம்பு இருக்கிறது, புளி இருக்கிறது, மயில் இருக்கிறது. அம்மா சொல்லும் கீரைகளில் ஒன்றுகூட இல்லை. எங்கள் தெருவுக்கு யாரும் கேட்டு வரவும் இல்லை.

2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உழவர், ஊரகத் தொழிலாளர் உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. பல்லுயிர் அழியாமல் காக்கவும், அதைச் சார்ந்து வாழ்வோரின் மரபறிவைப் பேணவும் அதன் 20ஆம் உறுப்பு அரசுகளைக் கேட்கிறது. உழவர் மட்டுமல்ல, களையெடுக்கும் பெண்ணும், ஆட்டுக்கிடை போடும் கீதாரியும், கண்மாயில் மீன் பிடிப்பவரும் அதில் அடக்கம்.

எழுதி வைப்பது வெறும் தாள் வேலையல்ல. மதுரை அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக, அதாவது உயிர்வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவிக்கப்பட்டது. பின்னர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துச் சுற்றுவட்ட ஊர்கள் கிராம சபைத் தீர்மானம் போட்டபோது அந்த அறிவிப்பு கைகொடுத்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

பதிவேட்டைத் திரும்பத் திறங்கள். எங்கள் தெருக்களுக்கு வாருங்கள். காலையில் வேண்டாம், வேலைக்குப் போயிருப்போம். பொழுது சாய்ந்து வந்தால் அம்மா திண்ணையில் இருப்பார்.

இப்படிக்கு,
களையெடுக்கப் போனவரின் மகள்