மாணவர் வீடியோக்களுக்கு மதிப்பெண் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வீடியோ, போஸ்டர், நன்கொடையாளர்களுக்கான கடிதம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்பவன். உங்கள் மாணவர்கள் வகுப்புப் பணிக்காகவும் போட்டிக்காகவும் எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு விளம்பர வீடியோ எடுத்துத் தருகிறார்கள். காசு கொடுத்து ஆள் வைத்து எடுக்க எங்களுக்கு வசதி கிடையாது என்பதால் அது பெரிய உதவி. நான் எழுத வந்தது மாணவர்களைப் பற்றி அல்ல, உங்கள் கையில் இருக்கும் மதிப்பெண் தாளைப் பற்றி.

ஒளிப்பதிவு, எடிட்டிங், இசை, கதை சொல்லும் விதம், குழுவாக உழைத்த விதம். நான் பார்த்த மதிப்பெண் தாள்களில் பெரும்பாலும் இவைதான் இருக்கின்றன. எல்லாம் தேவைதான். ஆனால் 'இந்த வீடியோவை அந்த அமைப்பு நாளைக்கே பயன்படுத்த முடியுமா?' என்ற கேள்வியை எதிலும் பார்த்ததில்லை. அதன் விளைவு என்ன தெரியுமா? ட்ரோன் ஷாட், ஸ்லோ மோஷன், உருக வைக்கும் வயலின் என்று முதல் பரிசு வாங்கும் வீடியோ எங்கள் கணினியில் சும்மா கிடக்கிறது. ஒரு தன்னார்வலர் கேமராவைப் பார்த்து, தான் வாரம் இரண்டு மணி நேரம் என்ன செய்கிறேன், சேர விரும்பினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் சாதாரண வீடியோவை நாங்கள் திரும்பத் திரும்ப அனுப்புகிறோம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, இது யாருக்காக எடுத்த வீடியோ என்பதை. நன்கொடை தருபவருக்கா, நேரம் தருபவருக்கா, உதவி தேவைப்படுபவருக்கா? மூன்று பேருக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு. மாணவர்கள் பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, கடைசியில் 'ஆதரவு தாருங்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். எப்படித் தருவது? அதற்கு வழியே இருக்காது.

இந்த மூவரில் எல்லோரும் மறந்துபோவது மூன்றாமவரைத்தான். உணவு, மருத்துவம், படிப்பு என்று எதற்காகவோ எங்களிடம் வர வேண்டியவர், வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர், அவரும் அந்த வீடியோவைப் பார்க்கிறார். திரையில் தன்னைப் போன்ற ஒருவர் தலைகுனிந்து அழுவதைப் பார்த்தால் அவர் வருவாரா? 'அங்கே போனால் நம்மையும் இப்படிப் படம் பிடிப்பார்கள்' என்றுதான் நினைப்பார். பார்ப்பவர் கண் கலங்கினால் வீடியோ வெற்றி என்று மதிப்பெண் போடும்போது இந்த இழப்பு உங்கள் கணக்கில் வருவதில்லை. எங்கள் கணக்கில் வருகிறது.

ஒருவரின் கதை மனத்தைத் தொடும் என்பதை நான் மறுக்கவில்லை. 2007இல் ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கருத்துக்கணிப்பை நிரப்பியதற்காகக் கொடுத்த 5 டாலரிலிருந்து நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டாலர். ஆக, எண்களைக் குறைத்து ஒரு மனிதரைக் காட்டு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சரிதான். ஆனால் அந்த மனிதரை அழ வைத்துத்தான் காட்ட வேண்டும் என்று ஆய்வு சொல்லவில்லை.

இரக்கத்தைப் பிழியும் வீடியோக்களை மாணவர்களே கேலி செய்திருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2012இல் நார்வே மாணவர்களின் எஸ்.ஏ.ஐ.ஹெச் என்ற அமைப்பு, குளிரில் வாடும் நார்வேக்காரர்களுக்காக ஆப்பிரிக்கர்கள் ஹீட்டர் சேகரித்து அனுப்புவதாக ஒரு நையாண்டி வீடியோ வெளியிட்டது. அப்புறம் சில ஆண்டுகள், தொண்டு வீடியோக்களில் நல்லதற்குத் தங்க ஹீட்டர், மோசமானதற்குத் துருப்பிடித்த ஹீட்டர் என்று விருதும் கொடுத்தார்கள். உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் வீடியோ இதில் எந்த ஹீட்டரை வாங்கும் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, சம்மதம். இதற்கு 10க்கு 6 என்று மதிப்பெண் போடாதீர்கள். சம்மதம் இல்லையென்றால் அந்த வீடியோ போட்டியிலேயே இருக்கக் கூடாது. படிவத்தில் கையெழுத்து இருந்தால் போதும் என்றும் விட்டுவிட முடியாது. உதவி தரும் அமைப்பின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது 'என்னைப் படம் எடுக்க வேண்டாம்' என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? முடித்த வீடியோவை அவரிடம் போட்டுக் காட்டினீர்களா, அப்போது வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்று மாணவர்களைக் கேளுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். இலவச உணவுக்காக வரிசையில் நின்ற குழந்தையின் முகம், அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதிலும் இணையத்தில் இருக்கும். முகம் தெரியாமல், கைகளையும் வேலையையும் மட்டும் காட்டி ஒரு காட்சியை அமைக்க முடிந்த மாணவரிடம் உண்மையிலேயே திறமை இருக்கிறது. அதற்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுங்கள்.

தொழில்நுட்பத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் நகர்ந்துவிடுவார்கள். அதனால் கேமராவுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை ஒலிக்குக் கொடுங்கள். கைபேசியில் பலர் சத்தம் இல்லாமல்தான் பார்க்கிறார்கள், காது கேளாதவர்களும் பார்க்கிறார்கள். ஆகவே சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். சினிமாப் பாட்டை அனுமதி இல்லாமல் போட்ட வீடியோவை எங்களால் வெளியிடவே முடியாது, எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு என்று சில போட்டிகளில் அறிவிக்கிறார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். உகாண்டாவின் ஆயுதக் குழுத் தலைவர் ஜோசப் கோனியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு 2012 மார்ச்சில் வந்த 'கோனி 2012' வீடியோ ஆறே நாளில் 10 கோடிப் பார்வையைத் தாண்டியது. உகாண்டாவின் சிக்கலை அளவுக்கு மீறி எளிமையாக்கிவிட்டது என்ற கண்டனமும் அதே வேகத்தில் வந்தது. கோனி பிடிபடவும் இல்லை. எங்களைப் போன்ற அமைப்புக்கு 200 பேர் பார்த்து நான்கு பேர் போன் செய்தால் அதுவே நல்ல வீடியோ.

கடைசியாக, நடைமுறைக்கு இரண்டு வேண்டுகோள். நடுவர் குழுவில் அந்த அமைப்பிலிருந்து ஒருவரை உட்கார வையுங்கள். முடிந்தால் அதன் உதவியைப் பெற்ற ஒருவரையும். இறுதி நாளில் மட்டும் கூப்பிடாமல் முதல் டிராஃப்டைப் பார்க்கும்போதே கூப்பிடுங்கள், திருத்தியதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள். வீடியோவுடன் எடிட்டிங் ஃபைலையும் மூலக் காட்சிகளையும் அமைப்பிடம் ஒப்படைத்தால்தான் பணி முடிந்ததாகக் கணக்கு என்று ஒரு விதி போடுங்கள். எங்கள் தொலைபேசி எண் மாறும், முகவரி மாறும், முன்பு சம்மதித்தவர் பிறகு மனம் மாறுவார். அப்போது அந்த ஒரு காட்சியை வெட்டி எடுக்க எங்களுக்கு வழி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களின் வீடியோக்களுக்குக் காத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவன ஊழியர்