தோள் அறுவைக்குப் பின் மரத்துக் கிடக்கும் கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டை தூக்கித் தோள் தசைநார் கிழிந்தவர்களுக்குத் தஞ்சாவூரிலேயே நுண்துளை அறுவை சிகிச்சை நடக்கிறது. நல்ல சிகிச்சைதான். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் மாத்திரையும் தையல் பிரிக்கும் தேதியும் இருக்கின்றன. நரம்பைப் பற்றி ஒரு வரி இருப்பது அபூர்வம்.

நரம்பு அடிபடுவது அரிது. அதுவும் பெரும்பாலும் கருவி பட்டு அல்ல, இழுபட்டுத்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையில் வழக்கமாக 4, 5 கிலோ எடை கட்டி இழுப்பார்கள். எடையோ நேரமோ கூடினால் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலே நைந்துபோகும். உட்காரவைத்துச் செய்தால் தலை ஒரு பக்கம் சாயக் கூடாது. தோளெலும்பின் வெளி விளிம்புக்குச் சுமார் 5 செ.மீ. கீழே, தோள் தசையை இயக்கும் ஆக்சிலரி நரம்பு ஓடுகிறது. குள்ளமானவர்களுக்கு இன்னும் கிட்டத்தில். பக்கவாட்டுத் துளை அவ்வளவு கீழே இறங்கினால் ஆபத்து.

சிக்கல் என்னவென்றால், கழுத்தில் போடும் மரப்பு ஊசியே 12 முதல் 24 மணி நேரம் கையை மரக்க வைத்துவிடும். அன்று சோதித்து ஒன்றும் தெரியாது. ஆகவே ஊசிக்கு முன்பே சோதித்து எழுதிவைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு விரல் மரப்பு முன்பே இருந்திருக்கலாம். தோள் நழுவி வந்தவருக்கு அந்த நழுவலிலேயே நரம்பு அடிபட்டிருக்கலாம். எழுதாவிட்டால் பிறகு வாய்ச்சண்டைதான்.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கட்டைவிரலை நிமிர்த்தச் சொல்லுங்கள், ஆள்காட்டி விரலோடு வட்டமாகச் சேர்க்கச் சொல்லுங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். தோளின் வெளிப்பக்கத் தோலைத் தொட்டுக் கேளுங்கள். அங்கே உணர்வு இருப்பதால் மட்டும் ஆக்சிலரி நரம்பு நலம் என்று விட்டுவிடக் கூடாது. கழுத்தில் மாட்டிய தொட்டிலில் (ஸ்லிங்) கை இருக்கும்போதே முழங்கையை மெதுவாக வெளிப்பக்கம் அழுத்தச் சொல்லி, தோள் தசை இறுகுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

48 மணி நேரம் கழித்தும் மரப்போ பலவீனமோ இருந்தால் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். சுளுக்கு வழிக்கிறேன் என்று எண்ணெய் போட்டு உருவினால் தைத்த தசைநாரும் பிய்ந்துகொள்ளும். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தேறிவிடும். நரம்பு மின்சோதனையை 3, 4 வாரத்துக்கு முன் எடுத்தால் முழு நிலவரம் தெரியாது. 3 மாதமாகியும் அசைவே இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அறுந்த நரம்பு நாளுக்கு 1 மி.மீ. அளவில்தான் வளரும், தாமதித்தால் அது போய்ச் சேருமுன் தசை வற்றிவிடும்.

இவ்வளவையும் அந்தத் தாளில் தமிழில் நாலு வரியாக, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணோடு, மருத்துவமனைகள் அச்சிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்,
கும்பகோணம்.