அகத்துக்கு முன்னால் அக்கம்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் தொலைபேசியில், "நிரல் எழுதுவதை விட்டுவிட்டாயா, இன்னும் தொடர்கிறாயா?" என்று கேட்டீர்கள். தொடர்கிறேன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். அந்த ஒரு சொல் போதாது என்று அன்றிரவே தோன்றியது. நிரலாக்கம் உங்களுக்குத் தொழில். எனக்கு அது வேலை முடிந்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் இந்த நான்கு ஆண்டுகளாக என்ன நடந்தது என்பதை, என்னைப் போலத் தனியாகக் கற்பவர்களும் படிக்கட்டும் என்று, எல்லோருக்கும் தெரியும்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் எட்டு மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பைத்தான் என்ற நிரல் மொழியின் பாடக் காணொளிகளைப் பார்த்து, அதில் வருபவர் தட்டச்சு செய்ததையே நானும் செய்தேன். எல்லாம் புரிவது போலவே இருந்தது. ஆனால் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்தால் முதல் வரிகூட வரவில்லை. எனக்கென்று ஒரு தேவை வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது. படிக்கும்போது கண்ணில் படும் அரிய சொற்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சொற்களைக் கணினியில் ஏற்றி அகராதி வரிசையில் அடுக்க விரும்பினேன். பட்டியலை வரிசைப்படுத்தப் பைத்தானில் ஒரே வரி போதும் என்பதால், அது ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

அந்த ஒரு வரி, 'மரம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'மனம்' என்பதைக் கொண்டுவந்து வைத்தது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு என்பதும், கணினி அந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது என்பதும், அங்கே னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்பதால் ரகரத்தை முந்திவிடுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தன. நம் நெடுங்கணக்கில் னகரம் பதினெட்டாவது மெய், கடைசி எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்றது. நமக்கு அது மூன்று எழுத்து. ஆனால் இகரக் குறியும் புள்ளியும் கணினிக்குத் தனிக் குறிகள். அதே சொல், யூனிகோட் எண்களைக் கோப்பில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு என்ற கணக்கில். சிறு வயதிலிருந்து அறிந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு எண்ணிக்கைகள் இருப்பதைக் கண்ட அந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை, அக்கா.

பிறகு ஒவ்வோர் உயிர்மெய்யையும் மெய்யாகவும் உயிராகவும் பிரித்து, அந்த ஒலிகளுக்கு நானே எண் கொடுத்து ஒப்பிட்டேன். மரம் சரியான இடத்துக்கு வந்தது. ஆனால் 'அக்கம்' என்பதற்கு முன் 'அகம்' வந்து நின்றது. அகராதியில் புள்ளி வைத்த க், வெறும் க-வுக்கு முந்தியது. நான் ஒலிகளை ஒரே சங்கிலியாக நீட்டிவிட்டதால், மூன்றாம் இடத்தில் ஒன்றில் அகரமும் மற்றதில் ககர மெய்யும் எதிரெதிரே நின்றன. உயிர்களுக்குச் சிறிய எண்களைக் கொடுத்திருந்ததால் அகரம் வென்றது. இரண்டு வாரம் இதிலேயே கிடந்தேன். முடிவில் ஒவ்வோர் எழுத்தையும் மெய்யின் எண், உயிரின் எண் என்று ஒரு சோடியாக வைத்து, புள்ளிக்கு உயிரின் இடத்தில் 0 கொடுத்தேன். க் என்பது (1, 0), க என்பது (1, 1), தனி உயிரான அ என்பது (0, 1). பைத்தான் சோடிகளை இடமிருந்து வலமாக ஒப்பிடும் என்பதால் வேறு எதுவும் தேவைப்படவில்லை. 'அக்கம்' முன்னால் வந்தது.

இதைவிடக் கடினமாக இருந்தது 'கொடி'. பட்டியலில் அது இரண்டு முறை இருந்தது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாகவும், மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் பதிவாகியிருந்தன. யூனிகோட் இவ்விரண்டையும் ஒன்றென்றே கருதி, ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் விதிகளையும் தந்திருக்கிறது. பைத்தானிலேயே அதற்கான செயற்கூறு (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் பகுதி) இருக்கிறது. இதை எந்தக் காணொளியிலும் நான் பார்த்ததில்லை. பாடத்திட்டத்தோடு படித்தவர்களுக்கு இது முதலிலேயே கிடைத்திருக்கலாம். எனக்கு என் சொற்பட்டியல் உடைந்ததால் கிடைத்தது. அதனால்தான் மறக்காமலும் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அந்த நாட்களில் நிரலை உங்களுக்கு அனுப்பியபோது, "ஆறு மாதம் கழித்துத் திறந்தால் உனக்கே இது புரியுமா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குப் பொருளுள்ள பெயர் வைக்கத் தொடங்கினேன், நான் சந்தித்த ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சோதனை எழுதினேன், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தவும் கற்றேன். 'அக்கம்', 'அகம்' சோதனை இன்றும் முதலில் ஓடுகிறது.

இப்போது கையில் இரண்டு வேலைகள். ஒன்று, சி மொழியில் யூடிஎஃப்-8 பைட்டுகளை நானே பிரித்துப் படிப்பது. க என்ற எழுத்து 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாக வருகிறது. முதல் பைட்டின் தொடக்க பிட்டுகள் (0, 1 இலக்கங்கள்) 1110 என்று இருப்பதைக் கொண்டே மொத்தம் மூன்று பைட்டு என்று அறிந்துகொள்ளலாம். நினைவகத்தை நானே கேட்டு வாங்கி நானே விடுவிக்க வேண்டியிருப்பதால் என் வேகம் குறைவுதான்; ஆனால் பைத்தான் இதுவரை எனக்காக என்னென்ன செய்தது என்பது ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

மற்றொன்றில்தான் மனம் முழுவதும் இருக்கிறது: கணக்குக் கோவைகளைப் படித்து விடை சொல்லும் ஒரு சிறிய மொழி. 2+3*4 என்பதற்கு முதலில் 20 என்றது. கோவையைக் கூட்டல் கழித்தலுக்கு ஒன்று, பெருக்கல் வகுத்தலுக்கு ஒன்று, எண்ணுக்கும் அடைப்புக்குறிக்கும் ஒன்று என மூன்று செயற்கூறுகளாகப் பிரித்து, மேலது கீழதை அழைக்கும்படி எழுதியதும் 14 வந்தது. அடுத்து 2-3-4 என்று கொடுத்தேன், 3 என்றது. கழித்தல் செயற்கூறு தன்னையே அழைத்ததில், வலப்பக்கத்து 3-4 முதலில் கணக்கிடப்பட்டிருந்தது. தன்னை அழைப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப் வைத்தபோது, நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, -5 வந்தது.

இனி அடைப்புக்குறியை மூட மறந்தால் எந்த இடத்தில் பிழை என்று அது சொல்ல வேண்டும். இப்போது எண்ணும் குறியும் மட்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றோடும் அது வந்த இடத்தையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது சரியான வழிதானா என்று, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது நிரலைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த முறை மாறிகளின் பெயர்கள் உங்களுக்குப் புரியும்.

அன்புடன்,
உங்கள் தம்பி