தலைமையாசிரியரை வகுப்பறைக்குள் விடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியன். எத்தனை பேர் தேறினார்கள் என்று ஆண்டு முழுவதும் எங்களிடம் கேட்கும் துறையிடம், தேறிய பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றிப் பேசவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி தேல்ஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதினாள். கூற்று, கொடுக்கப்பட்டது, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம் என ஒரு வரிகூடப் பிசகவில்லை. பலகையை அழித்துவிட்டு, அதே முக்கோணத்தைச் சற்றுச் சாய்த்து வரைந்து, A, B, C என்றிருந்த முனைகளுக்கு P, Q, R என்று பெயரிட்டு, "இப்போது எழுதும்மா" என்றேன். சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. "சார், இது நோட்ஸ்ல இல்லையே" என்றாள். பொதுத்தேர்வில் அந்தத் தேற்றம் வந்திருந்தால் ஐந்துக்கு ஐந்தும் வாங்கியிருப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நோட்ஸைக் கொடுத்தவன் நான்தான்.

கொடுத்ததற்குக் காரணமும் உண்டு. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டெட்டாக 16. இவ்விரண்டையும் கைப்பழக்கமாக்கிவிட்டால் 30 கிடைத்துவிடும். இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைத் தேற்றினால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். 'மெல்லக் கற்போர்' என்று நாங்களே பெயர் சூட்டிய பிள்ளைகளை மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார வைத்து இந்தக் கணக்கைத்தான் பழக்குகிறோம். வட்டத்துக்குத் தொடுகோடு பிழையின்றி வரையும் பையன், தொடுகோடு வட்டத்தை எத்தனை இடத்தில் தொடும் என்று கேட்டால் பக்கத்துப் பையனைப் பார்க்கிறான். பக்கத்துப் பையன் என்னைப் பார்க்கிறான்.

துறை எதையும் முயலவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்கள், தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் என ஒவ்வொன்றும் மனப்பாடத்தைத் தாண்ட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவைதாம். ஆனால் எந்தத் திட்டமும் பள்ளிக்கு வந்து சேரும்போது ஒரு பதிவேடாகவும் ஒரு பதிவேற்றமாகவும் மாறிவிடுகிறது, கற்பிக்கும் முறையோ பழையபடியே இருந்துவிடுகிறது. மாணவர்களைத் தரவரிசையிலிருந்து 2017இல் விடுவித்தீர்கள். அது நல்ல முடிவு. பள்ளிகளும் மாவட்டங்களும் மட்டும் இன்னும் அதே வரிசையில் நிற்கின்றன. தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேட்கப்படும் கேள்வி, தலைமையாசிரியர் வழியாக என்னிடம் வந்து, கடைசியில் அந்த மாணவியின் நோட்ஸாக முடிகிறது.

இந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கக்கூடியவர் தலைமையாசிரியர் ஒருவரே. எங்கள் தலைமையாசிரியர் நல்ல அறிவியல் ஆசிரியராக இருந்து, பணிமூப்பில் பதவி உயர்வு பெற்று வந்தவர். காலையில் வந்து அமர்ந்ததும் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸில் பதிவுகள், விலையில்லாப் பொருள்களின் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் புகைப்படங்கள், வாட்ஸ்அப் குழுவில் 'மிக அவசரம்' என்று பத்தரைக்கு வந்து பதினொன்றுக்குள் கேட்கப்படும் படிவம் என்று அவருடைய நாள் கரைகிறது. மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் என் வகுப்பில் முழுப் பாடவேளையும் அமர்ந்திருந்தார். முடிந்ததும் அவர் சொன்னது இதுதான்: "கேள்வி கேட்ட மூன்றாவது நொடியில் நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள். பின்வரிசைப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு காத்திருக்கிறார்கள்." பல ஆண்டுகளாக எத்தனையோ பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்கிறேன், எதுவும் என் வகுப்பை இந்த இரண்டு வாக்கியங்கள் மாற்றிய அளவுக்கு மாற்றவில்லை. இப்போது கேள்வி கேட்டதும் மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த அமைதி எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆய்வுக்கு வரும் அலுவலர்களும் வகுப்புக்குள் வருகிறார்கள். பாடக்குறிப்பேட்டில் தேதி சரியா, ஏடு திருத்தப்பட்டுள்ளதா என்று பார்த்துக் கையொப்பமிடுகிறார்கள். பிள்ளை சொன்ன தவறான விடையை ஆசிரியர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. பள்ளித் தலைமை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நியூசிலாந்துப் பேராசிரியர் விவியன் ராபின்சனும் அவருடைய குழுவினரும், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்கும் தலைமையே மாணவர் கற்றலில் மிகுந்த பயன் விளைவிப்பதாக 2008இல் எழுதினார்கள். நமது தலைமையாசிரியர்களுக்கு அதற்கு நேரம் கொடுத்திருக்கிறோமா?

ஆகவே, நாள்தோறும் முதல் இரண்டு பாடவேளைகளில் எந்தத் தகவலும் பள்ளிகளிடம் கேட்கப்படக் கூடாது என்று ஓர் ஆணை பிறப்பியுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஒருவர் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த மற்றவர்கள் கவனித்துப் பேசட்டும். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் நீக்கியிருக்கும் இந்த நேரத்தில் இது இன்னும் அவசரம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டையே மனப்பாடம் செய்விக்கிறார்கள் என்பதற்காகவே அத்தேர்வு 2017-18இல் கொண்டுவரப்பட்டது. தேர்வு போன பிறகு, பதினொன்றில் பாடம் நடக்கிறதா என்பதை அந்த வகுப்பில் போய் உட்காரும் தலைமையாசிரியர்தான் சொல்ல முடியும்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் விழுக்காட்டுப் பட்டியலை எடுப்பதற்கு முன்னால், சென்ற மாதம் எந்த வகுப்பில் முழுப் பாடவேளை அமர்ந்தீர்கள், அங்கே பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் கேட்கச் சொல்லுங்கள். முதல் மாதம் பலரிடம் விடை இருக்காது. எங்கள் தலைமையாசிரியரிடமும் இருக்காது. போன செவ்வாய்க்கிழமை அவர் என் வகுப்பு வாசல்வரை வந்தார், கைப்பேசி ஒலித்தது, திரும்பிப் போய்விட்டார்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர்